பச்சைப் படலத்துக்கு அடியில் நஞ்சு: புனே நீர்நிலைகளும் நாய்களின் உயிரும்

புனே: கோடை வெயில் ஏறும் மாதங்களிலும், மழைக்காலம் ஓய்ந்து நீர் தேங்கும் வாரங்களிலும், புனே நகரின் ஏரிகளிலும் குட்டைகளிலும் ஆற்றோரப் பள்ளங்களிலும் பச்சைப் படலம் படர்வது வழக்கமான காட்சியாகிவிட்டது. மனிதர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கடந்து சென்றுவிடுகிறார்கள். ஆனால், அவர்கள் கையில் பிடித்திருக்கும் சங்கிலியின் மறுமுனையில் இருக்கும் நாய்க்கு அது தாகம் தீர்க்கும் தண்ணீர். அந்த நீரில் சில மடக்குகள் குடித்தாலே சில மணி நேரத்தில் உயிர் போகக்கூடும் என்பதை நாய் வளர்ப்போரில் பலர் அறிந்திருப்பதில்லை.

1817ஆம் ஆண்டு கட்கி போருக்குப் பின் ராணுவக் குடியிருப்பாக உருவான கேம்ப், இன்றும் மரங்கள் அடர்ந்த சாலைகளும் திறந்தவெளிகளும் கொண்ட பகுதியாக உள்ளது. நாய்களை நடைப்பயிற்சிக்கு அழைத்துச் செல்வோருக்கு ஏற்ற இடம் இது. பல தலைமுறைகளாக இங்கும் ராஸ்தா பேட், கட்கி பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தச் சாலைகள் பழக்கமானவை. அதே நேரத்தில் எம்ப்ரஸ் தோட்டத்தை ஒட்டிச் செல்லும் முத்தா வலதுகரைக் கால்வாய், கன்டோன்மென்ட் பகுதியைக் கடக்கும் மாணிக் நாலா, வானவடி பக்கமுள்ள பைரோபா நாலா, வடக்கே பந்த் கார்டன் அருகே ஓடும் முலா-முத்தா ஆறு என நீரோட்டங்கள் பலவும் இப்பகுதியைச் சுற்றியே அமைந்துள்ளன. இவற்றில் எதுவுமே நாய் வாய் வைக்கத் தகுந்த நீர் அல்ல என்பதே இன்றைய நிலை.

பாசி அல்ல, பாக்டீரியா

பொதுவாக 'நீலப்பச்சைப் பாசி' என்று அழைக்கப்படுவது உண்மையில் பாசி இனத்தைச் சேர்ந்தது அல்ல. தாவரங்களைப் போல ஒளிச்சேர்க்கை செய்யும் 'சயனோபாக்டீரியா' என்ற நுண்ணுயிர் அது. வெப்பம், வெயில், அசைவற்ற நீர், கழிவுநீர் வழியே சேரும் பாஸ்பரஸ், நைட்ரஜன் சத்துகள் ஆகிய நான்கும் ஒன்றுசேரும்போது இவை சில நாட்களிலேயே பெருகி, நீரின் மேற்பரப்பில் படலமாகத் திரள்கின்றன.

எல்லாப் படலங்களும் நச்சுத்தன்மை கொண்டவை அல்ல. ஆனால், 'மைக்ரோசிஸ்டிஸ்' போன்ற சில வகைகள் 'மைக்ரோசிஸ்டின்' என்ற நஞ்சை உருவாக்குகின்றன. இது கல்லீரல் செல்களைச் சிதைக்கக்கூடியது. வேறு சில வகைகள் உருவாக்கும் 'அனாடாக்சின்' நரம்பு மண்டலத்தைத் தாக்கி, மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. ஒரே குளத்தில் ஒரு வாரம் நஞ்சற்ற படலமும் அடுத்த வாரம் நச்சுப் படலமும் இருக்கலாம். ஆய்வகப் பரிசோதனை இல்லாமல், வெறும் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய இயலாது.

நீரின் நிறம் எந்த அளவுக்கு ஏமாற்றக்கூடும் என்பதற்கு மகாராஷ்டிரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2020 ஜூன் மாதத்தில் புல்டாணா மாவட்டத்தின் லோனார் ஏரி திடீரென இளஞ்சிவப்பாக மாறியபோது, பாசியே காரணமாக இருக்கலாம் என்று முதலில் கருதப்பட்டது. புனேயில் உள்ள அகர்கர் ஆராய்ச்சி நிறுவனம் மாதிரிகளைப் பரிசோதித்த பிறகுதான், உப்பு நீரில் வாழும் 'ஹாலோஆர்க்கியா' எனும் நுண்ணுயிர்களே அந்த நிறத்துக்குக் காரணம் என்பது தெரியவந்தது. விஞ்ஞானிகளே ஆய்வகத்தில்தான் முடிவு செய்ய முடிகிற ஒன்றை, நடைப்பயிற்சிக்குச் சென்றவர் கரையில் நின்று முடிவு செய்ய முடியாது.

நாய்களுக்கு மட்டும் ஏன் கூடுதல் ஆபத்து?

அழுக்கு நீரை மனிதர் பார்த்து ஒதுங்குவார். நாய் ஒதுங்காது. வீசிய பந்தை எடுக்க நீரில் குதிக்கும் நாய், பந்தைக் கவ்வும் ஒவ்வொரு முறையும் நீரை விழுங்குகிறது. கரையேறிய பின் உடலை நக்கிச் சுத்தம் செய்யும்போது, ரோமத்தில் ஒட்டிய படலமும் வயிற்றுக்குள் செல்கிறது. கரையில் காய்ந்து கிடக்கும் பாசித் திட்டுகளின் மீன்வாடை நாய்களைக் கவர்கிறது. அவற்றை அவை மென்று தின்பதும் உண்டு. காய்ந்த பிறகும் அத்திட்டுகளில் நஞ்சு நீண்ட நாட்கள் தங்கியிருக்கக்கூடும். உடல் எடை குறைவு என்பதால், மனிதருக்கு வயிற்றுக் கோளாறோடு முடியும் அளவு நஞ்சு ஒரு சிறிய நாயின் உயிரைப் பறித்துவிடலாம்.

இவ்வாறு விலங்குகள் இறப்பது புதிய செய்தி அல்ல. தெற்கு ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் படர்ந்த கெட்டியான பச்சைப் படலத்தைக் குடித்த கால்நடைகள் இறந்ததை, ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878ஆம் ஆண்டிலேயே 'நேச்சர்' அறிவியல் இதழில் பதிவு செய்தார். 2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாகாணத்தில் உள்ள வில்மிங்டன் நகரில், ஒரு குட்டையில் விளையாடிய மூன்று நாய்கள் சில மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து இறந்தன. 2020ஆம் ஆண்டில் போட்ஸ்வானா நாட்டில் 300க்கும் மேற்பட்ட யானைகள் இறந்ததற்கு, குட்டைகளில் பெருகிய சயனோபாக்டீரியாவின் நஞ்சே காரணம் என அந்நாட்டு அரசு அறிவித்தது.

இவற்றுள் 2017 மே மாதம் ஜெர்மனியின் பெர்லின் நகரில் நடந்தது தனிக் கவனத்துக்கு உரியது. அங்குள்ள டேகல் ஏரிக்கரையில் நாய்கள் அடுத்தடுத்து இறந்தபோது, ஏரி நீரில் பச்சைப் படலம் ஏதும் இல்லை. கரையொதுங்கிய நீர்ப்பாசிக் கொத்துகளுக்குள் வளர்ந்திருந்த சயனோபாக்டீரியாவே அனாடாக்சினை உருவாக்கியிருந்தது பின்னர் கண்டறியப்பட்டது. நீர் தெளிவாக இருக்கிறது என்பதற்காகவே அது பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது என்பதையே இந்த நிகழ்வு உணர்த்துகிறது.

புனே நீரில் கலப்பது என்ன?

சயனோபாக்டீரியா தானாகப் பெருகுவதில்லை. அதற்கு உரமிடுவது நகரமே. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட பட்டியலில், நாடு முழுவதும் மாசடைந்தவையாக அடையாளம் காணப்பட்ட 351 ஆற்றுப் பகுதிகளில் 53 பகுதிகள் மகாராஷ்டிரத்தில் இருந்தன. அப்பட்டியலில் முலா, முத்தா ஆறுகள் மிக மோசமான முதல் முன்னுரிமைப் பிரிவில் இடம்பெற்றன. நீரில் உள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், அந்த ஆற்றுப் பகுதி இப்பிரிவில் சேர்க்கப்படுகிறது. குளிப்பதற்கு ஏற்ற நீரில் இந்த அளவு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பதுடன் ஒப்பிட்டால், நிலைமையின் தீவிரம் புரியும்.

இதைச் சரிசெய்யும் நோக்கில், ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியுடன் ரூ.990.26 கோடி மதிப்பிலான முலா-முத்தா மாசுத் தடுப்புத் திட்டத்துக்கு 2016ஆம் ஆண்டு வழி பிறந்தது. நாளொன்றுக்கு 47.7 கோடி லிட்டராக இருந்த சுத்திகரிப்புத் திறனுடன், 11 புதிய நிலையங்கள் மூலம் மேலும் 39.6 கோடி லிட்டரைச் சேர்ப்பது அதன் இலக்கு. எனினும் பிரதமர் நரேந்திர மோடி இத்திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2022 மார்ச் 6ஆம் தேதிதான். அதற்குள் திட்டச் செலவு ரூ.1,470 கோடியைக் கடந்திருந்தது.

சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டால் பாசிப் படலம் மறைந்துவிடும் என்றும் கருத இயலாது. வழக்கமான சுத்திகரிப்பு முறை துர்நாற்றத்தையும் கரிமக் கழிவையும் குறைக்கிறதே தவிர, பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் முழுமையாக நீக்குவதில்லை. இதை உணர்ந்தே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரலில், சுத்திகரிக்கப்பட்ட நீரில் மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமையும், ஏரி குளங்களில் விடப்படும் நீரில் பாஸ்பரஸ் 1 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது என வரம்பு விதித்தது. இந்த வரம்பு எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே பாசியின் எதிர்காலம் அமையும்.

புனேயின் கழிவு புனேயோடு நின்றுவிடுவதும் இல்லை. முலா-முத்தா பீமா ஆற்றில் கலந்து, சோலாப்பூர் மாவட்டத்தில் உள்ள உஜனி அணையைச் சென்றடைகிறது. அந்த நீர்த்தேக்கத்தில் பாசி பெருகுவதும், நீர் பச்சையாக மாறுவதும் நீண்டகாலமாகப் பேசப்பட்டு வரும் பிரச்சினைகள். சோலாப்பூர் நகரின் குடிநீர் ஆதாரமும் அதுவே என்பது குறிப்பிடத்தக்கது. நகருக்குள் ராம்நதி வழியே கழிவுநீர் சேரும் பாஷாண் ஏரியும், பேஷ்வாக்கள் காலத்தில் நகரின் தாகம் தீர்க்க அமைக்கப்பட்ட காத்ரஜ் ஏரியும் இதே நெருக்கடியைச் சந்திக்கின்றன.

கடக்வாஸ்லா அணையிலிருந்து புறப்படும் முத்தா வலதுகரைக் கால்வாயின் நிலை சற்று வேறானது. பாசனத்துக்காக நீர் திறந்துவிடப்படும் நாட்களில் அது வேகமாக ஓடுவதால் படலம் சேர வாய்ப்பு குறைவு. நீர் நிறுத்தப்பட்ட பின்னர், பள்ளங்களில் தேங்கும் நீரே வெயிலில் சூடேறிப் பாசிக்கு இடம் கொடுக்கிறது. ஓடும் நாட்களிலோ வேறொரு ஆபத்து உண்டு. சரிவான கரையில் இறங்கிய நாய், மேலேற முடியாமல் அடித்துச் செல்லப்படலாம்.

ஆபத்து பாசி மட்டுமல்ல

மாசடைந்த நீரால் புனே அண்மையில் பாடம் கற்றது. 2025 ஜனவரியில் சிங்கட் சாலை, நாந்தேட், கிர்கட்வாடி, தாயரி ஆகிய பகுதிகளில் 'கிலான் பாரே' எனப்படும் நரம்புப் பாதிப்பு திடீரெனப் பரவியது. 200க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட நிலையில், மத்திய அரசு நிபுணர் குழுவை அனுப்பியது. புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் நடத்திய பரிசோதனையில், நோயாளிகள் சிலரின் மல மாதிரிகளில் 'கேம்பைலோபாக்டர் ஜெஜுனி' எனும் பாக்டீரியா இருப்பது கண்டறியப்பட்டது. அசுத்தமான நீர், உணவு வழியே பரவும் இந்தப் பாக்டீரியா நாய்களின் குடலிலும் வாழக்கூடியது. குறிப்பாகக் குட்டிகளுக்கு இது வயிற்றுப்போக்கை ஏற்படுத்துவதுடன், அவற்றின் கழிவு வழியே வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றக்கூடும்.

மழைக்காலத்தில் மேலும் பெரிய அச்சுறுத்தலாக இருப்பது 'லெப்டோஸ்பைரோசிஸ்' எனப்படும் எலிக்காய்ச்சல். எலி, கால்நடை, நாய் ஆகியவற்றின் சிறுநீரில் வெளியேறும் இக்கிருமி, தேங்கிய நீரிலும் ஈர மண்ணிலும் வாரக்கணக்கில் உயிர்வாழும். 2005 ஜூலை பெருவெள்ளத்துக்குப் பின் மும்பையிலும், 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்திலும் இந்நோய் மனிதர்களிடையே பரவியது. 2019 செப்டம்பர் 25 இரவு ஆம்பில் ஓடை பெருக்கெடுத்து உயிர்ச்சேதம் ஏற்படுத்தியதையும், 2024 ஜூலை 25 அன்று சிங்கட் சாலை அருகே ஏக்தா நகரிக்குள் ஆற்று நீர் புகுந்ததையும் நினைவில் கொண்டால், சாக்கடையும் மழைநீரும் கலந்து தெருவில் நிற்பது புனேக்கு அரிதான நிகழ்வு அல்ல என்பது தெளிவாகும்.

பாசி நஞ்சுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் இடையே முக்கியமான வேறுபாடு உண்டு. பாசி நஞ்சுக்குத் தடுப்பூசி கிடையாது. எலிக்காய்ச்சலுக்கு உண்டு. நாய்களுக்கு முதலில் சில வார இடைவெளியில் இரண்டு தவணைகளும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் இது செலுத்தப்படுகிறது. கிருமியின் எல்லா வகைகளுக்கும் எதிராக அது முழுப் பாதுகாப்பு தருவதில்லை என்றாலும், நோயின் கடுமையைப் பெரிதும் குறைக்கும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மறக்காத பலரும் இதைத் தவறவிடுவதால், மழைக்காலம் தொடங்கும் முன்பே கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசி அட்டையைக் காட்டிச் சரிபார்ப்பது நல்லது.

விநாயகர் சதுர்த்தியின் போது எழும் மற்றொரு சிக்கல் புனேக்கே உரியது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளை ஆற்றில் கரைப்பதைத் தவிர்க்க, வீட்டிலேயே வாளி நீரில் அமோனியம் பைகார்பனேட் கலந்து கரைக்கும் முறையைப் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகம் உருவாக்கியது. மாநகராட்சியும் அந்த ரசாயனத்தை மக்களுக்கு விநியோகித்து வருகிறது. ஆற்றுக்கு இது நன்மையே. ஆனால் சிலை கரைய நாட்கள் ஆகும் என்பதால், அந்த வாளி பால்கனியிலோ முற்றத்திலோ நின்றுகொண்டிருக்கும். அமோனியா கலந்த அந்த நீரும், அதில் இறங்கும் வண்ணப்பூச்சும் நாய்க்குத் தீங்கானவை. வாளியை மூடி வைப்பதும், நாய்க்கு எட்டாத இடத்தில் வைப்பதும் அவசியம்.

அறிகுறிகளும் முதல் அரை மணி நேரமும்

நரம்பைத் தாக்கும் நஞ்சு உடலில் சேர்ந்தால் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் அறிகுறிகள் தெரியும். தள்ளாட்டம், தசைத் துடிப்பு, எச்சில் வடிதல், வலிப்பு, மூச்சுத் திணறல் ஆகியன இவற்றில் அடங்கும். கல்லீரலைத் தாக்கும் நஞ்சு மெதுவாக வேலை செய்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு, உணவை மறுத்தல், ஈறுகள் வெளிறுதல் அல்லது மஞ்சளாதல், கருநிற மலம் ஆகியவை சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரை எடுத்துக்கொண்டு தோன்றலாம். எலிக்காய்ச்சலில் காய்ச்சல், தசை வலி, மஞ்சள் காமாலை, சிறுநீர் அளவில் மாற்றம் ஆகியவை பல நாட்களுக்குப் பிறகே வெளிப்படும்.

சயனோபாக்டீரியா நஞ்சுக்கு நேரடி மாற்று மருந்து கிடையாது. ஊசி வழி திரவம், வலிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்து, செயற்கை சுவாசம் போன்ற துணைச் சிகிச்சைகளையே மருத்துவர்கள் அளிக்கின்றனர். 'கொலஸ்டிரமைன்' என்ற மருந்தின் உதவியுடன் மைக்ரோசிஸ்டின் பாதிப்பிலிருந்து ஒரு நாய் மீண்டது மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. எனினும், சிகிச்சை தொடங்கும் நேரமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

எனவே, சந்தேகத்துக்குரிய நீரில் நாய் இறங்கிவிட்டால் அறிகுறி தெரியும் வரை காத்திருக்கக் கூடாது. முதலில் உடலை நக்கவிடாமல் தடுத்து, சுத்தமான குழாய் நீரால் ரோமத்தை நன்கு அலச வேண்டும். கழுவுபவர் கையுறை அணிவது நல்லது. நஞ்சு தோல் எரிச்சலை உண்டாக்கும் என்பதுடன், எலிக்காய்ச்சல் கிருமி கையில் உள்ள கீறல் வழியே புகவும் வாய்ப்புண்டு. பிறகு உடனடியாகக் கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, என்ன நடந்தது, எப்போது நடந்தது என்பதைத் தெரிவித்துவிட்டுப் புறப்பட வேண்டும். இயன்றால், கையில் படாமல் அந்த நீரை ஒரு பாட்டிலில் எடுத்துச் செல்வது நோயைக் கண்டறிய உதவும். மருத்துவர் சொல்லாமல் உப்பு நீர் புகட்டி வாந்தி எடுக்க வைப்பது ஆபத்தானது. தள்ளாடும் அல்லது வலிப்பு வந்த நாய்க்கு வாந்தி வரவழைத்தால் அது நுரையீரலுக்குள் சென்றுவிடக்கூடும்.

நீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்ற நம்பிக்கையும் இங்கு உதவாது. கொதிக்கவைத்தல் கிருமிகளை அழிக்கும். மைக்ரோசிஸ்டின் போன்ற நஞ்சை அழிக்காது. மாறாக, செல்கள் உடைவதால் உள்ளே இருக்கும் நஞ்சு நீரில் கலந்துவிடும். பாசி படர்ந்த தொட்டியில் திடீரென ரசாயனம் தெளிப்பதும் இதே விளைவையே தரும்.

கரையில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. நீளமான குச்சியால் படலத்தைத் தூக்கிப் பார்க்கும்போது தலைமுடி போல நூல்நூலாகத் தொங்கினால், அது பெரும்பாலும் சாதாரண இழைப்பாசி. பெயின்டில் தோய்த்தது போலக் குச்சியில் பூச்சாகப் படிந்தால் சயனோபாக்டீரியா என்று சந்தேகிக்கலாம். இச்சோதனை விலகி நிற்கச் சொல்லும் எச்சரிக்கையாக மட்டுமே பயன்படும். 'பாதுகாப்பானது' என்ற சான்றாக அதைக் கொள்ளக் கூடாது.

வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலும் சிறு கிண்ணமும் எடுத்துச் செல்வதும், புறப்படும் முன்பே நாய்க்குப் போதிய நீர் கொடுப்பதும், நீர்நிலை அருகே சங்கிலியை அவிழ்க்காமல் இருப்பதும் செலவில்லாத தடுப்பு முறைகள். தாகம் தீர்ந்த நாய் குட்டையைத் தேடி ஓடுவது குறைவு.

அளவீட்டில் உள்ள இடைவெளி

தனிநபர் எச்சரிக்கை எவ்வளவு இருந்தாலும், எந்த நீரில் எப்போது நஞ்சு உள்ளது என்பதை அவரால் அறிய முடியாது. அதைச் சொல்ல வேண்டியது அரசு அமைப்புகள். உலக சுகாதார நிறுவனம் மைக்ரோசிஸ்டினுக்கு, நீண்டகாலம் அருந்தும் குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்றும், நீச்சல் போன்ற பொழுதுபோக்குக்கான நீரில் 24 மைக்ரோகிராம் என்றும் வழிகாட்டு அளவுகளை வகுத்துள்ளது. பிரேசிலின் கருவாரு நகரில் 1996ஆம் ஆண்டு, மைக்ரோசிஸ்டின் கலந்த நீரைக் கொண்டு ரத்தச் சுத்திகரிப்பு செய்யப்பட்ட சிறுநீரக நோயாளிகள் 50 பேருக்கு மேல் இறந்த பிறகே உலகம் இந்த நஞ்சைத் தீவிரமாகக் கவனித்தது.

இந்தியாவில் ஆறு, ஏரி நீரின் தரம், கோலிஃபார்ம் பாக்டீரியா, கரைந்துள்ள ஆக்சிஜன், அமில-காரத் தன்மை, அமோனியா போன்றவற்றின் அடிப்படையில் வகைப்படுத்தப்படுகிறது. வன உயிர்களுக்கும் மீன் வளர்ப்புக்கும் உரிய 'டி' பிரிவில் கரைந்துள்ள ஆக்சிஜன், அமில-காரத் தன்மை, அமோனியா ஆகியவையே அளவுகோல்கள். பாசி நஞ்சு அந்த அளவுகோல்களில் இடம்பெறவில்லை. ஆக, ஓர் ஏரியின் நீர் ஆவணத்தில் தேறிவிட்டாலும், அதன் கரையில் நீர் குடித்த விலங்கு இறந்துபோக இடமுண்டு. இந்த இடைவெளியே இப்பிரச்சினையின் மையம்.

கேம்ப் பகுதியில் இது நிர்வாகச் சிக்கலாகவும் உள்ளது. சாலைகளும் நாலாக்களின் ஒரு பகுதியும் புனே கன்டோன்மென்ட் வாரியத்தின் கீழ் வருகின்றன. எல்லையைத் தாண்டினால் மாநகராட்சி. கால்வாய் மாநில நீர்வளத் துறைக்கு உரியது. மாசு குறித்த புகார் என்றால் மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை அணுக வேண்டும். 2023 ஏப்ரலில் இமாச்சலப் பிரதேசத்தின் காஸ் யோல் கன்டோன்மென்ட் தகுதி நீக்கப்பட்டதைத் தொடர்ந்து, புனே, கட்கி கன்டோன்மென்ட்களின் குடிமக்கள் பகுதிகளை மாநகராட்சியுடன் இணைப்பது குறித்தும் பேச்சு நடந்து வருகிறது. இணைப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும், தேங்கிய நீரின் ஓரத்தில் மராத்தி, இந்தி, ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகை வைப்பதற்கு எல்லைப் பிரச்சினை தடையாக இருக்க வேண்டியதில்லை.

உரிமையாளர் இல்லாத உயிர்கள்

வளர்ப்பு நாய்க்குச் சங்கிலியும் பாட்டில் தண்ணீரும் உண்டு. தெருநாய்க்கு நாலாவே நீர்த்தொட்டி. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், சமுதாய விலங்குகளுக்கு உணவளிக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பைக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் வழங்குகின்றன. தெருநாய்களுக்கு உணவளிக்கத் தனி இடங்களை ஒதுக்குமாறு உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி உத்தரவிட்டது. அந்த இடங்களில் உணவோடு சுத்தமான நீரும் வைக்கப்பட்டால், சாக்கடை நீரைக் குடிக்கும் தேவை குறையும். அந்த நீரை நாள்தோறும் மாற்றுவதும் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுவதும் முக்கியம். இல்லையெனில் கிண்ணத்திலேயே பாசி படியும். டெங்கு பரப்பும் கொசுவும் முட்டையிடும்.

இது தெருநாய்களுக்கு இரங்குவதோடு முடிந்துவிடும் விஷயமும் அல்ல. எலிக்காய்ச்சல் கிருமியைச் சுமக்கும் நாய் அதைத் தன் சிறுநீர் வழியே அதே தெருவில் விட்டுச் செல்கிறது. வெறுங்காலுடன் மழைநீரில் நடக்கும் குழந்தைக்கும் தூய்மைப் பணியாளருக்கும் அது தொற்றலாம்.

தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும்

இந்தியக் கோயில் குளங்களில் மைக்ரோசிஸ்டிஸ் படர்வது பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. கழிவுநீர் கலக்கும் நகர்ப்புற ஏரிகள், கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகள், கோடையில் வற்றிச் சுருங்கும் கண்மாய்கள் என எங்கெல்லாம் நீர் அசையாமல் வெயிலில் காய்கிறதோ, அங்கெல்லாம் இதே ஆபத்து உண்டு. நாய்களோடு ஆடு, மாடுகளும் அந்த நீரையே குடிக்கின்றன என்பதால் கிராமங்களில் இழப்பின் அளவு இன்னும் பெரிதாக இருக்கக்கூடும். கால்நடை திடீரென இறந்தால் பாம்புக்கடி என்றோ, விஷச் செடி என்றோ முடிவு செய்துவிடாமல், அது கடைசியாக நீர் குடித்த இடத்தையும் கவனிப்பது அவசியம்.

நாய்க்குத் தீங்கான நீர் நாளடைவில் மனிதருக்கும் தீங்கானதே. நாயின் உடல் சிறியது, அது நீரை நேரடியாகக் குடிக்கிறது என்பதால் பாதிப்பு அதனிடம் முதலில் தெரிகிறது. நீர்நிலையின் அருகே ஒரு நாய் காரணமின்றி இறந்தால், கால்நடை மருத்துவர் அதை உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிப்பதும், அந்த நீரின் மாதிரி உடனே எடுக்கப்படுவதும் நடைமுறையாக வேண்டும். ஆய்வகங்களுக்கும் நுண்ணுயிரியல் நிபுணர்களுக்கும் பஞ்சமில்லாத நகரம் புனே. லோனார் ஏரியின் நிறத்துக்குச் சில வாரங்களில் விடை கண்ட அந்தத் திறன், நகருக்குள் இருக்கும் குட்டைகளின் பக்கமும் திரும்ப வேண்டும் என்பதே இப்போதைய தேவை. அதுவரை, பச்சை நீரைக் கண்டதும் சங்கிலியைச் சுருக்கிப் பிடித்து விலகிச் செல்வது ஒன்றே நாய் வளர்ப்போரின் கையில் உள்ள உறுதியான பாதுகாப்பு.